ஓராண்டு தவணை கட்டியும் அசல் அசையவில்லை: வீட்டுக் கடனை யாராவது புரியவையுங்கள்

தூக்கணாங்கூடு

எல்லோருக்கும் வணக்கம். நானும் கணவரும் முதல் வீடு வாங்கப் போகிறோம். வீடு பிடித்துவிட்டது, விலையும் பேசியாயிற்று. அடுத்த மாதம் கடன் பத்திரத்தில் கையெழுத்துப் போடவேண்டும். நேற்று வரை எனக்குப் பயமே இல்லை. நேற்று அக்கா தன் கடன் கணக்குத் தாளை அனுப்பினாள். அதைப் பார்த்ததிலிருந்து தூக்கம் வரவில்லை.

அவள் எடுத்தது 20 ஆண்டுக் கடன், 8 சதவீத வட்டி. மொத்தத் தொகையை வெளியே சொல்லவேண்டாம் என்றாள், அதனால் 1 லட்சம் கடனுக்கு எவ்வளவு என்று வகுத்து எழுதுகிறேன். மாதத் தவணை 836. முதல் 12 மாதங்களில் கட்டியது 10,037. அதில் அசலில் கழிந்தது 2,114 மட்டும். மீதி 7,923 வட்டி.

ஐந்தில் நான்கு பங்கு வட்டிக்கே போகுமா? கணக்கில் தவறு இருக்கிறதா, இல்லை எல்லோருக்கும் இப்படித்தானா? எங்களிடம் 20 ஆண்டா 30 ஆண்டா என்று கேட்கிறார்கள், ஃபிக்ஸடா (மாறாத வட்டி) ஃப்ளோட்டிங்கா (ஏறி இறங்கும் வட்டி) என்றும் கேட்கிறார்கள். இரண்டுக்கும் என்னிடம் பதில் இல்லை. வீட்டு விலை போக எவ்வளவு பணம் கையில் வைத்திருக்கவேண்டும் என்பதையும் யாரும் தெளிவாகச் சொல்வதில்லை. தெரிந்தவர்கள் கொஞ்சம் பொறுமையாக விளக்குங்கள்.

கூட்டிக்கழித்து

சகோதரி, அக்காவின் கணக்கில் தவறு இல்லை. நானும் முதல் ஆண்டுத் தாளைப் பார்த்து இதே மாதிரி இடிந்து உட்கார்ந்தவன், அதனால் முழுக்கச் சொல்கிறேன்.

வட்டி எப்போதும் மீதியிருக்கும் கடனுக்குத்தான். 1 லட்சத்துக்கு ஆண்டுக்கு 8 சதவீதம் என்றால் 8,000. பன்னிரண்டால் வகுத்தால் முதல் மாத வட்டி 666.67. தவணை 836.44. வட்டி போக மிஞ்சுவது 169.77, அதுதான் அசலில் கழிகிறது. அடுத்த மாதம் மீதிக் கடன் 99,830. அதற்கு வட்டி 665.53. ஒரு ரூபாய்க்கும் கொஞ்சம் அதிகமாகத்தான் வட்டி குறைந்திருக்கிறது, அந்த அளவு அசலுக்குக் கூடுதலாகப் போகிறது. இப்படியே மாதாமாதம் நகர்கிறது. தவணை மாறுவதில்லை, அதற்குள் வட்டியும் அசலும் இடம் மாறிக்கொண்டே வருகின்றன.

'வட்டியை முதலிலேயே பிடுங்கிக்கொள்கிறார்கள்' என்று பலர் சொல்வார்கள். அது சரியான புரிதல் அல்ல. தொடக்கத்தில் கடன் பெரிது, அதனால் வட்டி பெரிது, அவ்வளவுதான்.

உங்கள் எண்ணையே இன்னும் கொஞ்சம் தூரம் போட்டுப் பார்த்தேன். 5 ஆண்டு முடிவில் மீதி 87,526. பாதி வழியான 10 ஆண்டு முடிவில் மீதி 68,941. ஒரு தவணையில் அசலின் பங்கு வட்டியின் பங்கைத் தாண்டுவது 137-வது மாதத்தில், அதாவது 11 ஆண்டு 4 மாதம் கழித்து. பாதிக் கடன் தீர 13 ஆண்டு 8 மாதம் ஆகும். மொத்தம் கட்டுவது 2,00,746. வாங்கியது ஒரு மடங்கு, கட்டுவது இரண்டு மடங்கு.

நீங்களே போட்டுப் பார்க்க எக்செலில் பிஎம்டி என்று ஒரு சூத்திரம் இருக்கிறது. மாத வட்டி, மாதங்களின் எண்ணிக்கை, கடன் தொகை மூன்றையும் கொடுத்தால் தவணை வந்துவிடும். அதன் கீழே வட்டி, அசல், மீதி என்று மூன்று பத்திகள் போட்டு 240 வரிகளுக்கு இழுத்துவிடுங்கள். கையெழுத்துப் போடும் முன் அந்தத் தாளை ஒருமுறை மேலிருந்து கீழே வரை படித்துவிடுங்கள். கடன் கொடுப்பவரிடம் கேட்டாலும் 'தவணை அட்டவணை' என்று தருவார்கள்.

வேப்பமரம்

இடையில் ஒரு சந்தேகம். எனக்கு வீடு கட்டிக் கொடுக்கும் நிறுவனமே ஒரு கடனுக்கு ஏற்பாடு செய்தது. வட்டி அதே 8 சதவீதம், 20 ஆண்டு. ஆனால் தவணை லட்சத்துக்கு 1,083 என்றார்கள். மேலே 836 என்கிறீர்களே, எப்படி?

கூட்டிக்கழித்து

வேப்பமரம், கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள். அவர்கள் சொல்வது ஃப்ளாட் வட்டி. கடன் எவ்வளவு குறைந்தாலும் கடைசி மாதம் வரை முழு 1 லட்சத்துக்கும் வட்டி போடுகிறார்கள். ஆண்டுக்கு 8,000, 20 ஆண்டுக்கு 1,60,000. அதோடு அசலையும் சேர்த்து 240-ஆல் வகுத்தால் 1,083.33. குறையும் மீதிக்கு வட்டி போடும் முறையில் இதே தவணை வர வட்டி ஏறக்குறைய 11.75 சதவீதமாக இருக்கவேண்டும். இரண்டையும் '8 சதவீதம்' என்றே எழுதிக் கொடுக்கிறார்கள், அதுதான் என்னை உறுத்துகிறது.

குறையும் மீதி முறையிலும் ஒரு கேள்வி உண்டு. மீதியை மாதாமாதம் குறைக்கிறார்களா, ஆண்டுக்கு ஒருமுறை குறைக்கிறார்களா? ஆண்டுக்கு ஒருமுறை என்றால் அதே 8 சதவீதத்துக்குத் தவணை 848.77 ஆகும். மாதம் 12 தான் வித்தியாசம் என்று விட்டுவிடாதீர்கள், 240 மாதம் கட்டப்போகிறோம்.

வேப்பமரம்

மிக்க நன்றி அண்ணா. நாளைக்கே போய்க் கேட்கிறேன்.

நிலாமுற்றம்

கடன் பிரிவில் 9 ஆண்டுகள் வேலை பார்த்தவள் நான். எதிரில் வந்து உட்கார்ந்தவர்களில் பெரும்பாலோர் கேட்ட ஒரே கேள்வி, 'மாதம் எவ்வளவு வரும்?' அது தாங்கக்கூடியதாக இருந்தால் சரி என்று எழுந்துவிடுவார்கள். எத்தனை மாதம் என்பதை மனதில் வாங்கிக்கொண்டவர்கள் குறைவு.

அதே 8 சதவீதத்துக்கு, அதே 1 லட்சத்துக்குப் பாருங்கள். 30 ஆண்டு என்றால் தவணை 734, மொத்த வட்டி 1,64,155. 20 ஆண்டு என்றால் தவணை 836, வட்டி 1,00,746. 15 ஆண்டு என்றால் தவணை 956, வட்டி 72,017. 20-லிருந்து 30-க்குப் போனால் மாதம் 103 மிச்சம், அதற்காகக் கூடுதலாகக் கட்டும் வட்டி 63,400. முப்பதாண்டுக் கடனில் முதல் மாதம் அசலில் கழிவது வெறும் 67.

அதனால் தூக்கணாங்கூடு, கைக்கு எட்டுமானால் 20 ஆண்டுக்கு மேல் போகாதீர்கள். 30 ஆண்டுத் தவணைதான் கட்ட முடியும் என்றால் வீடு கொஞ்சம் பெரிதாகத் தேர்ந்துவிட்டது என்று பொருள்.

பழைய சாவி

நிலாமுற்றம் அம்மா சொல்லும் எண்கள் சரி. முடிவில் மட்டும் நான் ஒத்துப்போகவில்லை.

நான் 30 ஆண்டுக்குத்தான் எடுத்தேன். நான்காம் ஆண்டில் வேலை போயிற்று. ஏழு மாதம் வருமானம் இல்லை. அன்று தவணை இன்னும் ஒரு பங்கு கூடுதலாக இருந்திருந்தால் வீட்டை விற்றிருப்பேன். சின்னத் தவணையாக இருந்ததால் சேமிப்பைப் பிய்த்துப் பிய்த்து ஓட்டினோம். நல்ல வேலை கிடைத்தபின் ஆண்டுதோறும் கையில் சேர்ந்ததை முன்கூட்டியே கட்டி 17-வது ஆண்டில் கடனை முடித்தேன்.

நீண்ட காலக் கடனைச் சீக்கிரம் அடைக்கலாம், அது நம் கையில். குறுகிய காலக் கடனை நெருக்கடி வந்தபின் நீட்டவேண்டுமென்றால் கடன் கொடுத்தவர் சம்மதிக்கவேண்டும், அதுவும் வேலை இல்லாத நேரத்தில் போய்க் கேட்கவேண்டும். இந்த வேறுபாட்டை வட்டிக் கணக்கு காட்டாது.

நிலாமுற்றம்

ஐயா, நீங்கள் சொல்வதை மறுக்கமாட்டேன். 30 ஆண்டுக் கடன் எடுத்து ஒவ்வொரு மாதமும் 836 கட்டிவந்தால் அதுவும் 20 ஆண்டில் முடியும், கணக்கு ஒன்றுதான். ஆனால் நான் பார்த்தவர்களில் அப்படிக் கட்டியவர்கள் மிகச் சிலர். மிச்சமாகும் 103 எங்கே போகிறதென்றே தெரியாமல் போய்விடும். அந்த வழியில் போகிறவர்கள் சம்பளம் வந்த அன்றே கூடுதல் தொகை தானாகப் போகும்படி ஏற்பாடு செய்துவிட வேண்டும். முன்கூட்டிக் கட்டினால் அபராதம் உண்டா, ஆண்டுக்கு இவ்வளவுதான் என்று வரம்பு உண்டா என்பதையும் ஒப்பந்தத்தில் பார்த்துக்கொள்ள வேண்டும். ஃபிக்ஸட் வட்டிக் கடன்களில் இந்த அபராதம் அதிகம் இருக்கும்.

பழைய சாவி

ஒப்புக்கொள்கிறேன். என் மனைவிதான் அந்தக் கட்டுப்பாட்டைக் காத்தார். அவர் இல்லாவிட்டால் நான் 30 ஆண்டும் கட்டியிருப்பேன்.

அரைச்சுவர்

எதற்கு இவ்வளவு பயம்? வாடகை கொடுத்தால் மாதாமாதம் போனது போனதுதான். தவணை கட்டினால் கடைசியில் வீடாவது நம்முடையதாகும்.

கூட்டிக்கழித்து

அரைச்சுவர், முதல் ஆண்டில் கட்டிய 10,037-ல் 'நம்முடையதானது' 2,114. மீதி 7,923-ம் வாடகை மாதிரியே போனதுதான், வீட்டுக்கு வாடகை கொடுப்பதற்குப் பதில் பணத்துக்கு வாடகை. அதோடு சொத்து வரி, பராமரிப்பு, காப்பீடு எல்லாம் இப்போது நம் தலையில். கைப்பணமாகப் போட்டது வேறெங்காவது இருந்திருந்தால் அது சம்பாதித்திருக்கும், அதையும் இழக்கிறோம். வாடகையை இவை எல்லாவற்றின் கூட்டுத்தொகையோடு ஒப்பிடவேண்டும். வெறும் தவணையோடு ஒப்பிட்டால் கணக்கு இரண்டு பக்கமும் தவறும்.

வீடு வாங்காதீர்கள் என்று சொல்லவில்லை. நானே வாங்கியவன், பிள்ளைகள் ஒரே இடத்தில் வளரவேண்டும் என்பதற்காக. அது நல்ல காரணம். இரண்டு மூன்று ஆண்டில் இடம் மாறவேண்டி வரும் என்றால் மட்டும் நன்றாக யோசியுங்கள். அதற்குள் அசல் அவ்வளவாகக் குறைந்திருக்காது, வாங்கும்போது ஆன செலவும் விற்கும்போது ஆகும் செலவும் சேர்ந்து கைப்பணத்தையே தின்றுவிடும்.

தூக்கணாங்கூடு

இத்தனை பேர் எழுதுவீர்கள் என்று நினைக்கவில்லை. அக்காவிடம் படித்துக் காட்டினேன். 'அப்போ ஏமாற்றவில்லை' என்று கொஞ்சம் நிம்மதி அவளுக்கு.

வீட்டு விலைக்கு மேலான செலவு பற்றிச் சொல்லுங்களேன். எங்கள் கணக்கு இதுதான்: விலை 100 பங்கு என்றால் கடன் 80, எங்கள் கை 20. எங்களிடம் 31 இருக்கிறது. 11 மிச்சம் என்று நினைத்து அறைகலன் எல்லாம் பார்த்து வைத்துவிட்டோம்.

மேற்கூரை

அறைகலனைக் கொஞ்ச நாள் தள்ளிவையுங்கள். வீடுகளைப் பார்த்து மதிப்பிடுவது என் தொழில், இந்த 11 எப்படிக் கரைகிறது என்பதை நிறையப் பார்த்திருக்கிறேன்.

முதலில், 80 பங்கு கடன் என்பது எதில் 80? நீங்கள் பேசிய விலையில் என்று நினைக்கிறீர்கள். கடன் கொடுப்பவர் தன் மதிப்பீட்டாளரை அனுப்புவார். அவர் சொல்லும் மதிப்பு, பேசிய விலை இரண்டில் எது குறைவோ அதில்தான் 80 சதவீதம். மதிப்பு 95 என்று வந்தால் கடன் 76. விற்பவருக்கு 100 கொடுத்தாகவேண்டும், ஆக உங்கள் கை 20 அல்ல, 24. வீடு வாங்கும் ஆசையில் கொஞ்சம் கூட்டிப் பேசிய இடங்களில் எல்லாம் இந்த இடைவெளி வரும்.

அப்புறம் பதிவுக்கான வரியும் முத்திரைக் கட்டணமும். இது இடத்துக்கு இடம் பெரிதும் மாறும், ஆனால் கிட்டத்தட்ட எங்கும் மிகப்பெரிய தனிச் செலவு இதுதான், இதற்குப் பெரும்பாலும் கடன் கிடைக்காது. வக்கீல் கட்டணம், பத்திரம் சரிபார்க்கும் செலவு, மதிப்பீட்டுக் கட்டணம், கடன் கொடுப்பவரின் ப்ராசஸிங் கட்டணம், தரகு எல்லாம் தனித்தனியாகப் பார்த்தால் சிறியவை. பதிவோடு சேர்த்து உங்கள் 100-ல் 8 என்று வைத்துக்கொள்ளுங்கள். இது ஒரு எடுத்துக்காட்டுத்தான், உங்கள் இடத்துக் கணக்கை வக்கீலிடம் எழுதி வாங்குங்கள். இப்போது 32.

வீட்டுக்குள் போனதும் செய்யவேண்டியவை. ஒழுகும் கூரை, பழைய மின்கம்பி, தண்ணீர்க் குழாய், பூட்டு மாற்றுவது, சாமான் ஏற்றி இறக்குவது. குடியேறின வீடு எதுவும் செலவு வைக்காமல் இருந்து நான் பார்த்ததில்லை. 3 என்று வையுங்கள். 35.

இவை போக, ஆறு மாதத் தவணையைத் தொடாமல் தனியே வைத்திருக்கவேண்டும். பழைய சாவி ஐயா சொன்ன ஏழு மாதத்தை நினைத்துக்கொள்ளுங்கள். உங்கள் 80 பங்கு கடனுக்கு அது சுமார் 4 பங்கு. மொத்தம் 39. உங்களிடம் 31.

மதிப்பீடு சரியாகவே வந்து 4 மிச்சமானாலும் 35 வேண்டும். இதைப் பயமுறுத்தச் சொல்லவில்லை. இந்தப் பள்ளத்தைத் தனிநபர் கடனாலோ கடன் அட்டையாலோ நிரப்பியவர்கள் முதல் இரண்டு ஆண்டு படும் பாட்டை அருகிலிருந்து பார்த்திருக்கிறேன்.

முக்கியமான இன்னொன்று: முன்பணம் கொடுக்கும்போது ஒப்பந்தத்தில் ஒரு வரி இருக்கவேண்டும். கடன் கிடைக்காவிட்டாலோ மதிப்பு குறைந்து வந்தாலோ முன்பணம் திரும்பக் கிடைக்கும் என்ற வரி. வாய்ப்பேச்சு போதாது.

நிலாமுற்றம்

மேற்கூரை சொன்னதோடு காப்பீட்டையும் சேர்க்கிறேன். இதில்தான் பலர் விவரம் தெரியாமல் பணம் விடுகிறார்கள். மூன்று வகை உண்டு, குழப்பிக்கொள்ளாதீர்கள்.

வீட்டுக் காப்பீடு நெருப்பு, வெள்ளம் போன்றவற்றுக்கு. வீட்டைத் திரும்பக் கட்ட ஆகும் செலவுக்கு எடுத்தால் போதும், நிலத்தின் விலையைச் சேர்க்கத் தேவையில்லை, நிலம் எரியாது. கடன் வாங்கியவர் இறந்தால் மீதிக் கடனைத் தீர்க்கும் ஆயுள் காப்பீடு இரண்டாவது. இது குடும்பத்துக்கு மிகத் தேவை. மூன்றாவது, கைப்பணம் குறைவாகப் போடுகிறவர்களிடம் சில நாடுகளில் வசூலிக்கும் அடமானக் காப்பீடு. அதற்கு நீங்கள் பணம் கட்டினாலும் அது காப்பது கடன் கொடுத்தவரை. நீங்கள் தவணை கட்டாமல் போனால் நட்டம் அவருக்கு வராமல் பார்த்துக்கொள்ளும். மீதிக் கடன் ஓரளவுக்குக் குறைந்ததும் அதை நிறுத்தச் சொல்ல முடியுமா என்று கேட்டு வையுங்கள்.

ஆயுள் காப்பீட்டுக்கு ஒரே தவணையாகப் பிரீமியம் போட்டு அதைக் கடனோடு சேர்த்துவிடுவார்கள். 'நீங்கள் தனியாகக் கட்டவேண்டாம், தவணையிலேயே வந்துவிடும்' என்பார்கள். லட்சத்துக்கு 2,000 சேர்த்தால் 20 ஆண்டில் அதற்கு நீங்கள் கட்டுவது 4,015. அதே பாதுகாப்பை வெளியே ஆண்டுப் பிரீமியமாக எடுத்தால் எவ்வளவு என்று ஒப்பிடுங்கள். கட்டாயமா, வேறு இடத்தில் எடுக்கலாமா என்று நேராகக் கேளுங்கள். கேட்டவர்களுக்கு வேறு பதில் கிடைப்பதை நான் மேசைக்கு இந்தப் பக்கம் இருந்தே பார்த்திருக்கிறேன், அது இன்றைக்கும் எனக்கு வருத்தம்.

இனி ஃபிக்ஸட், ஃப்ளோட்டிங். ஃபிக்ஸட் என்றால் எத்தனை ஆண்டுக்கு என்று கேளுங்கள். முதல் சில ஆண்டுகள் மட்டும் நிலையாக இருந்துவிட்டு அப்புறம் மாறுவதும் ஃபிக்ஸட் என்ற பெயரில்தான் வரும். ஃப்ளோட்டிங்கில் அடிப்படை வட்டி ஒன்று, அதன்மேல் அவர்கள் வைக்கும் கூடுதல் ஒன்று. அடிப்படை நம் கையில் இல்லை. கூடுதலைப் பேசிக் குறைக்கலாம். அடிப்படை குறையும்போது எத்தனை நாளில் நமக்கும் குறையும் என்றும் கேட்டுக்கொள்ளுங்கள்.

வட்டி ஏறினால் என்ன ஆகும் என்பதுதான் இதில் பெரிய விஷயம். 8 சதவீதம் 9 ஆனால் 20 ஆண்டுத் தவணை 836-லிருந்து 900 ஆகவேண்டும். ஆனால் பல இடங்களில் தவணையை மாற்றமாட்டார்கள். மாதங்களை நீட்டிவிடுவார்கள். 836-ஐயே கட்டினால் 240 மாதம் 304 ஆகும். 10 சதவீதத்துக்குப் போனால் மாத வட்டியே 833. அசலுக்கு 3 மிஞ்சும். அந்தக் கடன் முடிய 50 ஆண்டுக்கு மேல் ஆகும். தவணை மாறாததால் வீட்டில் யாருக்கும் எதுவும் தெரியாது.

தூக்கணாங்கூடு, அக்காவுடையது ஃப்ளோட்டிங்கா? அவரிடம் இருக்கும் கடைசித் தாளில் 'மீதி மாதங்கள்' என்று ஒரு எண் இருக்கும். 12 மாதம் கட்டியாயிற்று என்றால் அது 228 ஆக இருக்கவேண்டும். பார்க்கச் சொல்லுங்கள்.

மேற்கூரை

கட்டி முடியாத வீடு வாங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. கட்டக் கட்டக் கடனைப் பகுதி பகுதியாகக் கொடுப்பார்கள். வீடு முடியும்வரை கொடுத்த பகுதிக்கு வட்டி மட்டும் வசூலிப்பதுண்டு. அந்த மாதங்களில் அசல் ஒரு காசும் குறையாது, குடியிருக்கும் வீட்டுக்கு வாடகையும் கொடுக்கவேண்டும். கட்டுமானம் ஓராண்டு தாமதமானால் அந்தச் செலவு முழுவதும் உங்களுடையது.

தூக்கணாங்கூடு

அக்காவிடம் பேசினேன். ஃப்ளோட்டிங்தான். சென்ற மாதம் வட்டி 9 சதவீதம் ஆனதாக ஒரு குறுஞ்செய்தி வந்ததாம். தவணை மாறாததால் கவலைப்படவில்லை என்றாள்.

மீதி மாதங்கள் 282.

அவள் அந்த எண்ணைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் பேசவே இல்லை. நாலரை ஆண்டு கூடிவிட்டது, பிள்ளை கல்லூரி முடித்தபின்னும் கட்டிக்கொண்டிருப்பேனா என்று கேட்டாள். என்ன செய்யலாம்?

கூட்டிக்கழித்து

செய்யலாம் சகோதரி, காலம் கடந்துவிடவில்லை. இப்போது போட்டுப் பார்த்தேன். மீதிக் கடன் 97,886, வட்டி 9 சதவீதம், மாதங்கள் பழையபடி 228 என்றால் தவணை 897.52. அதாவது லட்சத்துக்கு மாதம் 61 கூடுதல். அதைக் கட்டினால் மீதிக் காலத்தில் கட்டுவது சுமார் 2,04,600. 836-ஐயே கட்டிக்கொண்டு 282 மாதம் போனால் சுமார் 2,35,200. மாதம் 61 கூட்டுவதால் 30,000-க்கு மேல் மிச்சம். 'மாதங்களை நீட்டவேண்டாம், தவணையை உயர்த்துங்கள்' என்று அக்காவை எழுத்தில் கொடுக்கச் சொல்லுங்கள்.

61 முடியாது என்றால் 30 கூட்டட்டும். முழுக்க இல்லாவிட்டாலும் பெரும்பகுதி மீளும். கையில் கொஞ்சம் தொகை சேர்ந்திருந்தால் அதை முன்கூட்டிக் கட்டுவதும் வழி, தொடக்க ஆண்டுகளில் அதற்குப் பலம் மிக அதிகம். பழைய 8 சதவீதத்திலேயே ஒரு கணக்கு: முதல் ஆண்டு முடிவில் 5,000 கூடுதலாகக் கட்டித் தவணையை மாற்றாமல் விட்டால் 25 மாதம் குறையும், சுமார் 16,000 வட்டி மிச்சம். அதே 5,000-ஐக் கட்டிவிட்டுக் காலத்தை மாற்றாமல் தவணையைக் குறைக்கச் சொன்னால் மிச்சம் சுமார் 4,740 தான். அதே 5,000-ஐ 15 ஆண்டு கழித்துக் கட்டினால், தவணையை மாற்றாமல் விட்டாலும், மிச்சம் 2,260. பணம் ஒன்றுதான், நேரமும் நாம் எழுதிக் கொடுக்கும் ஒரு வரியும்தான் வேறு. எதுவும் எழுதாமல் விட்டால் அவர்களே ஒன்றைத் தேர்ந்துவிடுவார்கள்.

வேறு இடத்துக்குக் கடனை மாற்றலாமா என்று அடுத்துக் கேட்பீர்கள். அரை சதவீதம் குறைவாகக் கிடைத்தால், முதல் ஆண்டு முடிவில் மாற்றுகிறவருக்கு மிச்சம் சுமார் 6,790. பதினைந்தாம் ஆண்டு முடிவில் மாற்றினால் 590. அதைவிட மாற்றும் கட்டணமே அதிகமாக இருக்கலாம். மாற்றும்முன் இப்போதைய இடத்திலேயே 'குறைக்க முடியுமா, இல்லாவிட்டால் போகிறேன்' என்று கேட்டுப் பார்க்கவேண்டும். பல நேரம் அதுவே போதும்.

பழைய சாவி

எல்லோரும் தொடக்கத்தைச் சொன்னார்கள், நான் முடிவைச் சொல்கிறேன்.

என் தந்தை ஒரு கடனைக் கடைசிக் காசு வரை கட்டி முடித்தார். கடிதம் கொடுத்தார்கள், பத்திரத்தையும் திருப்பிக் கொடுத்தார்கள். அதோடு முடிந்தது என்று நினைத்தோம். பதிவேட்டில் அடமானம் நீக்கப்படவே இல்லை. பல ஆண்டு கழித்து வீட்டை விற்கப் போனபோது வாங்க வந்தவரின் வக்கீல்தான் அதைக் கண்டுபிடித்தார். கடன் கொடுத்த கிளை அப்போது மூடப்பட்டுவிட்டது. பழைய கோப்பைத் தேடி எடுத்து நீக்கக் கையெழுத்து வாங்க எட்டு மாதம் அலைந்தேன். வந்தவர் காத்திருக்காமல் வேறு வீடு வாங்கிக்கொண்டார். அப்பா அந்த எட்டு மாதமும் 'நான் கட்டிவிட்டேனே, கட்டிவிட்டேனே' என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

அதனால் கடன் முடிந்த வாரமே அடமான நீக்கம் பதிவாகிவிட்டதா என்று நீங்களே போய்ப் பாருங்கள். வாங்கப்போகும் வீட்டின்மேல் விற்பவர் வாங்கிய பழைய கடன் எதுவும் பதிவில் நிற்கிறதா என்பதையும் இப்போதே வக்கீலிடம் பார்க்கச் சொல்லுங்கள் அம்மா. அதற்கு ஆகும் காசில் சிக்கனம் பார்க்கவேண்டாம்.

வேப்பமரம்

நான் போய்க் கேட்டேன். 'ஃப்ளாட் வட்டிதான், எல்லோரும் அப்படித்தான் தருகிறார்கள்' என்றார்கள். வேறு இடத்தில் 8.25-க்குக் குறையும் மீதி முறையில், மாதாமாதம் குறைப்பதாக எழுத்தில் கிடைத்திருக்கிறது. பெரிய தவறிலிருந்து காப்பாற்றினீர்கள் அண்ணா.

தூக்கணாங்கூடு

இரண்டு வாரம் கழித்து எழுதுகிறேன், மன்னிக்கவும்.

அக்கா கடிதம் கொடுத்துவிட்டாள். அடுத்த மாதம் முதல் தவணை 898 ஆகப் போகும் என்று பதில் வந்தது, மீதி மாதங்கள் திரும்பவும் 228-க்கு வந்துவிட்டன. அந்தத் தாளைப் படம் எடுத்து எனக்கு அனுப்பினாள்.

நாங்கள் விற்பவரிடம் உள்ளபடி பேசினோம். எங்கள் கையில் இருப்பது போதாது, நான்கு மாதம் தள்ளிப் பதிவு செய்யலாமா என்று கேட்டோம். அவருக்கும் புதுவீடு முடிய நேரம் ஆகுமாம், சம்மதித்தார். முன்பணம் திரும்பும் வரியை ஒப்பந்தத்தில் சேர்த்தாயிற்று. பழைய பத்திரங்களும் பதிவேடும் இப்போது வக்கீலிடம் இருக்கின்றன ஐயா. கடனோடு சேர்த்துத் தரும் காப்பீட்டைக் கட்டாயமா என்று கேட்டோம். நிலாமுற்றம் அக்கா சொன்ன மாதிரியே, 'கட்டாயம் இல்லை' என்ற பதில் வந்தது.

20-ஆ 30-ஆ என்று நானும் கணவரும் மூன்று இரவு பேசினோம். இருவருக்கும் வேலை இருந்தாலும் அவருடையது ஒப்பந்த வேலை. கடைசியில் 25 ஆண்டு, ஃப்ளோட்டிங், முன்கூட்டிக் கட்ட அபராதம் இல்லை, என் சம்பள நாளில் 20 ஆண்டுத் தவணைக்கு ஈடான தொகை தானாகப் போகும்படி ஏற்பாடு. வட்டி மாறினால் மாதங்களை நீட்டாமல் தவணையை மாற்றவேண்டும் என்று விண்ணப்பத்திலேயே எழுதிவிட்டோம்.

மதிப்பீட்டாளர் வியாழக்கிழமை வருகிறார். அவர் சொல்லும் எண்ணை வந்ததும் இங்கே போடுகிறேன்.